சிவப்பு நூல் என்னுடையது

உள்ளே வாம்மா. செருப்பை அங்கேயே விட்டுவிடு. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்கார்.

கல்லூரியிலிருந்து போன் செய்தார்கள். ஆடை வடிவமைப்புத் துறையிலிருந்து ஒரு பெண் வருவாள், அந்தக் காலத்து மாணவிகள் எப்படி உடுத்தினார்கள் என்று கேட்பாள், வைர விழா மலருக்கு என்று. தடித்த கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி வருவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சின்னதாக இருக்கிறாய். முட்டியில் என்ன கிழிசல், விழுந்துவிட்டாயா? ஓ. கடையிலேயே அப்படித்தான் விற்கிறார்களா. சரி, சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது புரியும், உனக்கே கொஞ்ச நேரத்தில் தெரியும்.

முத்துலெட்சுமி, காபி. அந்த டம்ளரில் வேண்டாம், விருந்தாளி டம்ளரில். பார்த்தாயா, அவள் கட்டியிருப்பது நான் கொடுத்த புடவை. பழசுதான், ஆனால் ஓர் இழை விட்டிருக்காது. கிழிந்ததை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

பதிவு செய்கிறாயா? செய்துகொள். முதலில் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன். சுலோசனா. ‘சுலோசனா புடவை’ என்று ஒன்று இருந்தது, உன் பாட்டியைக் கேட்டுப் பார். இடுப்புக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் சிவப்பு நூலில் பெரிய பெரிய தையல். திருச்சியில் அந்தப் புடவை இல்லாத கல்யாண வீடு கிடையாது. எல்லோரும் அந்தத் தையலைப் பற்றித்தான் கேட்பார்கள். உங்களுக்கு எப்படித் தோன்றியது, எப்படித் தோன்றியது என்று. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் நீ எழுந்து போய்விடுவாய். இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

அப்பாவுக்குக் கும்பகோணத்தில் ஜவுளிக் கடை. திருச்சிக் கடைவீதியில் ஒரு கிளை. நான் விடுதிக்குப் போகும்போது இரண்டு பெட்டி நிறையப் புடவை கொண்டுபோனேன். புகுமுக வகுப்பில் தாவணி கட்டிய பெண்கள் பி.ஏ. வந்ததும் புடவைக்கு மாறிவிட வேண்டும், அது அங்கே வழக்கம். மற்றப் பெண்கள் அக்கா புடவை, அம்மா புடவை என்று கொண்டு வந்து, மாற்றி மாற்றிக் கடன் வாங்கிக் கட்டுவார்கள். நான் யாரிடமும் வாங்கத் தேவையில்லை. என்னிடம்தான் எல்லோரும் வாங்குவார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை எழுது. நிறைய இருப்பதும் அழகாக இருப்பதும் வேறு. கடைக்காரர் மகள் என்பவள் கடைவாசல் பொம்மை மாதிரி. இந்த வாரம் பொம்மைக்கு எதைச் சுற்றினார்களோ அதுதான் அடுத்த வாரம் எனக்கு. நான் தாழ்வாரத்தில் நடந்தால் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். “புதுப் புடவையா சுலோ? நல்லாருக்கு” என்பார்கள். புடவை நல்லாருக்கு. கரை நல்லாருக்கு. முந்தானை நல்லாருக்கு. ஒருத்தியாவது “நீ நல்லாருக்கேடி” என்று சொன்னதில்லை. ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தேன். சொல்லவில்லை.

என் வகுப்பில் ஸ்டெல்லா என்று ஒருத்தி. சாயம்போன மெல்லிய வாயில் துணிப் புடவை, காதில் பொட்டுக் கம்மல், அவ்வளவுதான். அவளைப் பார்த்தால் புடவை கண்ணில் படாது, அவள்தான் படுவாள். அதற்குப் பெயர்தான் ஸ்டைல். அது எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். பத்தொன்பது வயதில் ஒரு பெண் வேறு எதை நினைப்பாள்? உனக்குத் தெரியாதா.

இரண்டாம் ஆண்டில் என் அறைக்கு ஒருத்தியைப் போட்டார்கள். மணப்பாறைப் பக்கத்துக் கிராமம். பெயர் வீராயி. அப்பா இல்லை, அண்ணன் கல் உடைக்கிறான். விடுதியில் அவளுக்கு இலவச இடம், சாப்பாடும் தங்கலும். மாடு கட்டுகிற கொட்டிலில் கூப்பிடுகிற மாதிரி வீராயி, வீராயி என்று கூப்பிட எனக்கு நாக்குக் கூசியது. வீணா என்று மாற்றிவிட்டேன். எவ்வளவு நல்ல பெயர், யோசித்துப் பார். ஆனால் நன்றி என்பது சிலருக்கு வராது. வீணா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இரண்டு மூன்று முறை கூப்பிட்ட பிறகு, “என்னையா?” என்பாள். வேண்டுமென்றே செய்வாள் என்று நினைக்கிறேன்.

அவளிடம் இரண்டே புடவை. இரண்டும் ஒட்டுப் போட்டவை. ஒட்டுப் புடவை பார்த்திருக்கிறாயா? நீ எங்கே பார்த்திருக்கப் போகிறாய். ஒரு புடவை நடுவில் நைந்து போனால் நைந்ததை வெட்டி எறிந்துவிட்டு நல்ல பாதியை வைத்துக்கொள்வார்கள். இன்னொரு புடவையின் நல்ல பாதியை எடுத்து இதோடு சேர்த்துத் தைப்பார்கள். கட்டும்போது அந்த ஒட்டு இடுப்புச் செருகலுக்குள் போய்விட வேண்டும், வெளியே தெரியக் கூடாது. இவளுடைய ஒன்றில் கொசுவம் இலைப் பச்சை, மேலே அரக்கு. அம்மாவுடையது பாதி, அத்தையுடையது பாதி. குளித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்து நின்று அந்த ஒட்டைச் செருகுவாள். அதற்கு மட்டும் அவ்வளவு நேரம்.

ஒருநாள் சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அவள் கொடியோரம் நின்றுகொண்டிருந்தாள். வெயில் சாய்ந்து, கீழே பச்சை இருட்டிவிட்டது, மேலே அரக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே மரம், மேலே தீ. இதுதான், இதுதான் என்று நினைத்தேன்.

நான் அதைப் பார்த்தேன், அதுதான் முக்கியம். அவள் தினமும் கட்டினாள், அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒட்டை ஏன் மறைக்கிறாள்?

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. ஊருக்குக் கிளம்பும்போது, “அந்தப் புடவையை ரெண்டு நாள் குடு, கடையிலே காட்டணும்” என்றேன்.

“எதுக்கு?”

“சும்மாத்தான்.”

“இன்னொண்ணு ஈரமா இருக்கே, சுலோ. மழையில காயாது.”

“என் புடவை ஒண்ணு கட்டிக்க” என்றேன். ஆமாம், சொன்னேன், பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். ஆனால் பெட்டிச் சாவி என் கைப்பையோடு ஊருக்கு வந்துவிட்டது. திரும்பி வந்தபோது பக்கத்து அறைப் பெண்கள் சொன்னார்கள், அவள் இரண்டு நாளும் வகுப்புக்குப் போகவில்லை, பாவாடையோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு அறையிலேயே இருந்தாள், சாப்பிடக்கூட இறங்கவில்லை என்று. வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறாள். பொய்க்காரி. ஓய்வு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளேன்.

கடையில் நடந்ததை நீ எழுத வேண்டும். மடிப்புக் கலையாத இரண்டு பட்டுப் புடவையை எடுத்து வைத்து, நடுவில் வெட்டச் சொன்னேன். கணக்குப்பிள்ளை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். “பாப்பா, முழுப் புடவையில கத்தரி வைக்கக் கூடாது. கடைக்கே ஆகாது” என்றார். அம்மா அழுதாள். “கிழிஞ்சவங்க கட்டுறதை நீ எதுக்குடி கட்டணும்? நமக்கு என்ன கொறச்சல்?” என்றாள். அப்பா மட்டும் அந்த ஒட்டுப் புடவையைக் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வியாபாரியின் கண் அது. “வெட்டு” என்றார்.

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நான் கல்லூரிக்குள் நுழைந்த காலையை என்னால் மறக்க முடியாது. ஆசிரியைகளே நின்று பார்த்தார்கள். “என்ன யோசனைடி இது!” “எப்படித் தோணுச்சு?” ஒரு மாதத்தில் பாதிக் கல்லூரி என்னிடம் கேட்டது. அப்பா நெசவாளர்களிடம் சொல்லித் தறியிலேயே பாதிப் பாதி நிறம் வரும்படி நெய்ய வைத்தார். வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். ஒட்டே இல்லாத ஒட்டுப் புடவை. கடைவாசலில் ‘சுலோசனா’ என்று அட்டை எழுதி மாட்டினார்கள். பொம்மை என்னைப் பார்த்துக் கட்டியது. அதை எழுதிக்கொண்டாயா? பொம்மை என்னைப் பார்த்து.

என்ன கேட்கிறாய்? வீராயியிடமிருந்து எடுத்ததுதானே என்றா?

உன்னைப் போலத்தான் ஒரு சிலர் கேட்டார்கள். நான் திருப்பிக் கேட்பேன். இல்லாதவள் பட்டினி கிடக்கிறாள், இருக்கிறவள் விரதம் இருக்கிறாள். இரண்டு பேர் வயிறும் காலி. இரண்டும் ஒன்றா? அவள் வேறு வழியில்லாமல் கட்டினாள். நான் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுப்பதற்குத்தான் ஸ்டைல் என்று பெயர். உங்கள் துறையில் அப்படித்தானே சொல்லிக் கொடுக்கிறார்கள்? நீ தலையாட்டவில்லை. பரவாயில்லை.

வேடிக்கை என்னவென்றால், பெண்களுக்கு அவளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நான் பட்டில் கட்டுகிறேன், அவள் அதையே நூலில், சாயம்போன நூலில். “இதோ வருது பாரு கார்பன் காப்பி” என்றாள் ஒருத்தி. அது அப்படியே ஒட்டிக்கொண்டது. “கார்பன் காப்பி, தண்ணி கொண்டா. கார்பன் காப்பி, அடியிலே எழுத்து சரியா விழலியே!” அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருந்தால் அது பண்பாடு இல்லை.

வார்டன் தங்கபாக்கியம் மிஸ் கண்டிப்பானவர். ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் வீராயியை நிறுத்தினார். “இலவசச் சாப்பாடு, உடம்பிலே மட்டும் புது ஃபேஷனா? கடைக்காரர் மகள் கட்டினா நீயும் கட்டணுமா?”

“இது ஒட்டுப் போட்டது மிஸ். போன வருசமே இதுதான் கட்டினேன்.”

“இப்ப எல்லாருமே ஒட்டுன்னுதான் சொல்றீங்க. தீபாவளி முடிஞ்சு வா, விசாரணையிலே பாத்துக்கறேன்.”

இலவச இடத்துப் பெண்களை ஒவ்வொரு வருஷமும் தீபாவளி விடுமுறை முடிந்ததும் வார்டன் கூப்பிட்டு விசாரிப்பார். தேவை இருக்கிறதா, இடத்தைத் தொடரலாமா, வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று. இடம் போனால் விடுதி இல்லை. விடுதி இல்லாவிட்டால் அவள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வர வழி இல்லை. அவளுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் பேசியிருக்கலாமே என்கிறாயா? அன்றைக்கு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, பெண்ணே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

தீபாவளி முடிந்து எல்லோரும் வந்தோம். அறைக் கதவைத் திறந்தால் வீராயி நடுவில் நிற்கிறாள், புதுப் புடவையில். கீழே பச்சை, மேலே அரக்கு. எங்கள் கடையில் எடுத்தது. அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கைக்குப் புதுப் புடவை எடுக்கத் திருச்சிக் கடைவீதிக்கு வந்திருக்கிறான். எதை எடுப்பது என்று தெரியாமல், “காலேசுப் புள்ளைங்க என்ன கட்டுதுங்களோ அதைக் குடுங்க” என்று கேட்டிருக்கிறான். கடைப்பையன்கள் வேறு எதைக் கொடுப்பார்கள்? பாவம், எந்தப் புடவையிலிருந்து அவளை விடுவிக்க நினைத்தானோ அதையே மடிப்போடு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். நான் அப்போது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சொல்லும்போது அவ்வளவு சிரிப்பு வரவில்லை, வயதாகிவிட்டது.

“இதையா விசாரணைக்குக் கட்டிட்டுப் போகப் போறே?” என்றேன்.

“அந்த ரெண்டும் தோளுகிட்ட விட்டுப்போச்சு. பெரியவங்க முன்னால கிழிசலோட போய் நிக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லி அனுப்பிச்சு.” பிறகு கொஞ்சம் கிட்டே வந்தாள். அவள் கிட்டே வந்து பேசியது அந்த ஒரு தடவைதான். “சுலோ, நிறத்துல பழைய சேலை மாதிரிதானே இருக்கு. வார்டன் உன்னைத்தான் கேப்பாங்க. ஒட்டுச் சேலைதான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. நீ சொன்னா நம்புவாங்க. இந்த வருசமும் அடுத்த வருசமும் தாண்டிட்டா நான் வாத்தியாரம்மா ஆயிருவேன்.”

“பார்க்கலாம்” என்றேன். சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைக் கவனி. பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் படியிறங்கினோம். நானும் அன்று புதுப் புடவை, மயில் நீலமும் வெள்ளையும். கீழே ஸ்டெல்லா வேப்பமரத்தடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

“சுலோ, புடவை நல்லாருக்கு” என்றாள். “ஏய் வீராயி! நீ நல்லாருக்கேடி.”

அவ்வளவுதான் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. இதை எதற்கு உன்னிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை, இதற்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்று காலை நல்ல காற்று, அதையும் சொல்லலாம். வீராயி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுக்குப் பல்வரிசை நன்றாக இருக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வார்டன் எதிர்பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டார். விடுதியில் புடவை என்றால் என்னைத்தானே கேட்பார்கள். “சுலோசனா, உங்க கடைச் சரக்கு உனக்குத் தெரியும். இது பழசை ஒட்டினதா, புதுசா? பாத்துச் சொல்லு.”

வீராயி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கொசுவத்தை விலக்கி, ஒட்டு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவினேன். வழவழவென்று இருந்தது. உள்முனையைத் திருப்பினேன். எங்கள் கடை முத்திரை, மை கூட அழியவில்லை.

“ஒட்டு இல்லை மிஸ். தறியிலே நெய்தது. எங்க கடைப் புடவை. இந்தத் தீபாவளிக்கு வந்த சரக்கு.”

உண்மைதானே? ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா, சொல். எங்கள் வீட்டில் பொய் சொல்லி வளர்க்கவில்லை. அவள்தான் என்னைப் பொய் சொல்லச் சொன்னாள். ஏழை என்றால் மற்றவர்களைப் பொய் சொல்லச் சொல்லலாமா? வார்டன் ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் பார்த்தார். “கஷ்டப்படுற பொண்ணு ஒருத்தி வெளியிலே காத்துட்டு இருக்கா. இடத்தை அவளுக்குக் கொடுக்கிறேன். நாளைக்குப் பெட்டியை எடுத்துக்க” என்றார்.

அவள் வாதாடவில்லை. அண்ணன் கல் உடைத்து வாங்கியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வார்டன் மனம் இளகியிருக்கலாம். சொல்லவில்லை. திமிர். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் காலை நான் விழித்தபோது அவள் பெட்டி வாசலில் கட்டியிருந்தது. என் தையல் பெட்டி மூடி திறந்திருந்தது. கத்தரிக்கோல் மேசை மேல் கிடந்தது. பூவேலைக்கென்று வைத்திருந்த சிவப்பு நூல் கண்டு பாதிக்கு மேல் காலி. என்னைக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை, சுலோ எடுத்துக்கவா என்று ஒரு வார்த்தை. ஒருவர் பொருளைக் கேட்காமல் எடுப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. இத்தனை வருஷத்தில் மற்றதையெல்லாம் மறந்துவிட்டேன், அந்தக் கத்தரிக்கோலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோபத்தோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் வாசற்படியில் நின்றாள். சாப்பாடு அவளுக்கு இனிமேல் கிடையாதே, உள்ளே வரவில்லை. அண்ணன் வாங்கிக் கொடுத்த புதுப் புடவையை நிறம் மாறுகிற இடத்தில் குறுக்கே வெட்டி, திரும்ப ஒட்டியிருந்தாள். என் சிவப்பு நூலில், பெரிய பெரிய தையலாக, கோணி மூட்டை தைக்கிற மாதிரி. ஒட்டை இடுப்பில் செருகவில்லை. கொசுவத்தைக் குறைத்து வைத்து ஒட்டு மார்புக்குக் குறுக்கே வரும்படி கட்டியிருந்தாள். அதனால் முந்தானை நீண்டுபோய்ப் பின்னால் தரையில் புரண்டது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“ஐயோ, புதுசையாடி வெட்டினே?” என்று யாரோ கத்தினார்கள்.

அவள் என்னை மட்டும் பார்த்தாள். “சுலோசனா, என் பழைய சேலை ஒவ்வொண்ணும் எங்கே கிழிஞ்சதுன்னு எனக்குத் தெரியும். அம்மாவோடது கடலை பறிக்கையில முள்ளு மாட்டிக் கிழிஞ்சது. அத்தையோடது, அம்மாவைக் கட்டில்ல வச்சு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனப்ப ஆணியில கிழிஞ்சது. அம்மா திரும்பி வரலை, சேலை வந்துச்சு. இது உன் கையால கிழிஞ்சது. உன்னுது எங்கே கிழிஞ்சது?”

நூறு பெண்கள். பொது இடத்தில், எல்லோர் முன்னாலும், இப்படியா கேட்பது? நான் என்ன சொல்லியிருக்க முடியும்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஸ்டெல்லா தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனாள். திரும்பி வந்தவள் படிப்பு முடிகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. பார், நியாயமே இல்லை, நான் அவளுக்கு ஒன்றுமே செய்யவில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை, அரக்கு, நடுவில் அந்தச் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால், உன்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் அபாரமாக இருந்தது. அந்தச் சிவப்பு இல்லாமல் அதுவரை ஏதோ குறைந்திருந்தது. அந்த வாரமே அப்பாவுக்கு எழுதினேன், இரண்டு நிறம் சேரும் இடத்தில் சிவப்பு நூலில் பெரிய தையல் போடச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம், மார்புக்கு வரட்டும் என்று. பொங்கலுக்குக் கடை கொள்ளாத கூட்டம். கல்யாணம் ஆகிப்போகும் வரைக்கும் நான் அதைத்தான் கட்டினேன். இன்றைக்கு உன் கல்லூரியே ஆள் அனுப்பிக் கேட்கிறது.

இதோ, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நூல் என்னுடையது. கத்தரிக்கோல் என்னுடையது. புடவை எங்கள் கடைப் புடவை. அப்படியானால் தையல் யாருடையது? நீயே நியாயம் சொல்.

அவளா? எனக்கென்ன தெரியும். வாத்தியாரம்மா ஆகவில்லை, அது தெரியும். மணப்பாறை வழியாக எப்போதாவது காரில் போனால், சாலையோரம் கல் உடைக்கிறவர்கள் பக்கம் கண் போகும். பெண்கள் தலையில் துணி போட்டுக் குனிந்திருப்பார்கள், முகம் தெரியாது. நிறுத்தச் சொன்னதில்லை. நிறுத்தி என்ன கேட்பது, கத்தரிக்கோலையா?

காபியை நீ தொடவே இல்லை. ஆறிவிட்டது. முத்துலெட்சுமி, இதை எடுத்துக்கொண்டு போ, சூடாக வேறு கொண்டுவா. வேண்டாமா? கிளம்புகிறாயா?

சரி. மலரில் போடும்போது அந்தக் கேள்வியை மட்டும் போடாதே. அவள் கேட்டதை. வேண்டுமானால் இதைப் போடு. எழுபத்து மூன்று வயதாகிறது. கல்யாணம், பிள்ளைப்பேறு, அவர் போனது, பிள்ளைகள் வெளிநாடு போனது, எல்லாம் ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில் என் உடம்பில் ஒரு புடவைகூடக் கிழிந்ததில்லை. சில காலைகளில் கட்டும்போது கை தானாக ஓரம் முழுக்கத் தடவிக்கொண்டு போகும், எங்கேயாவது ஓர் இழையாவது விட்டிருக்கிறதா என்று. இருக்காது.

போட்டோ எடுக்க வேண்டும் என்றார்களே, எடுக்கவில்லையா? எடு. வெளிச்சத்துக்கு வரவா? இந்தப் பக்கம். அந்தப் புடவைதான் இது, நீ வருகிறாய் என்று எடுத்துக் கட்டினேன். கூன் தெரிகிறதா? தெரிந்தால் தெரியட்டும். எடுத்துவிட்டாயா? காட்டு.

சொல்லேன், எப்படி இருக்கிறேன்?

ஆமாம். புடவை நல்ல புடவைதான். கிழியவே கிழியாது.